உயிரோசைக்கு ஒரு நாற்காலி

அவைக்குத் தலைமை ஏற்றிருப்பவரும், என் பெயரை அழைத்த கையோடு மைக்கை மறந்து "பயப்படாம வாம்மா" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டவருமான தலைமையாசிரியை அவர்களே! இந்தத் தலைப்பை எனக்குத் தந்துவிட்டு, என் முகம் போன போக்கைப் பார்த்துத் தாமே வருந்திய தமிழாசிரியை அவர்களே! முன்வரிசையை நிறைத்து முகமலர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! விடுப்புக் கிடைக்காமல் வேலை உடையோடு வந்து பின்சுவரில் சாய்ந்து நிற்கும் தாய்மார்களே! தோழர்களே, தோழியரே! இவர்கள் எல்லோருக்கும் முன்னால், மின்விசிறிக்கு நேர் கீழே, சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் என் அம்மாவே! அனைவருக்கும் என் அன்பு நிறைந்த வணக்கம்.

என் கையிலிருக்கும் தாள் ஆடுவது உங்களுக்குத் தெரியும். மின்விசிறிக் காற்றில் ஆடுகிறது என்று தயவுசெய்து நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் பேச வந்த தலைப்பு, 'கவிதையில் மீண்டும் மீண்டும் வரும் உயிரோசை.'

பின்வரிசையில் ஒரு பெருமூச்சு கேட்டது. வெட்கப்படாதே தோழா! தலைப்பைக் கேட்ட அன்று நானும் அதே பெருமூச்சைத்தான் விட்டேன். என் பக்கத்து இருக்கைக்காரிக்கு 'வீரம்' வந்தது. அவளுக்குப் பின்னால் இருப்பவளுக்கு 'மழை' வந்தது. வீரத்தைப் பற்றிப் பேசினால் விசில் வரும். மழையைப் பற்றிப் பேசினால் மண்டபம் குளிரும். எனக்கு வந்ததோ ஆ, ஈ, ஊ! ஆனா ஆவன்னாவைப் பற்றிப் பேசினால் யார் கைதட்டுவார்கள்? அன்று மாலை அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே, "ஏம்மா, எனக்குன்னு வந்து மாட்டுது பாரு, ஒரு தலைப்பு" என்று அலுத்துக்கொண்டேன். அம்மா சிரித்தார். சிரித்துச் சிரித்துச் சீப்பைத் தட்டிவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தத் தலைப்பை நான் திட்டிக்கொண்டிருந்தேனோ, அதற்குள்ளேதான் எங்கள் வீடு இத்தனை நாளும் குடியிருந்தது.

அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பெரியோர்களே! தமிழ்க் கவிதை ஒரு மேடை என்றால், எதுகைக்கு அங்கே ஒரு நாற்காலி உண்டு. மோனைக்கு ஒரு நாற்காலி உண்டு. இயைபுக்குக்கூட ஓரமாக ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம். ஆனால் ஒரே உயிரோசை ஓர் அடி முழுக்க உலவி வருகிறதே, அதற்கு நாற்காலி எங்கே? "பெயரே தெரியாதே, நீ யார்?" என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். அதுவும் கோபித்துக்கொள்ளாமல் வாசலில் நின்றே பாடிக்கொண்டிருக்கிறது.

'தூரத்து ஊரில் ஊமைத் தூறல்.'

இது நானே கட்டிய அடி. நன்றாக இல்லாவிட்டால் பழி என்னோடு போகட்டும். ஒருமுறை மெல்லச் சொல்லிப் பாருங்கள். தூ... ஊ... ஊ... தூ... உதடு குவிகிறதா? குவிந்த உதட்டின் வழியே ஓர் ஊர் தூரத்தில் தெரிகிறதா? தூரம் என்ற சொல் அந்தத் தூரத்தைத் தனியாகக் காட்டிவிடவில்லை. நான்கு ஊகாரங்கள் கைகோத்து நின்று காட்டுகின்றன. வாய் விரிய 'ஆ' என்றால் வெளி விரிகிறது. பல் தெரிய 'ஈ' என்றால் ஊசி முனைபோல் ஒரு கூர்மை வருகிறது. இதையெல்லாம் நான் எந்தப் புத்தகத்தில் படித்தேன்? புத்தகத்தில் படிக்கவில்லை, பெரியோர்களே. தையல் கூடத்தில் கேட்டேன்!

என் அம்மா தையல் கூடத்தில் சட்டைக் காலர் தைப்பவர். நீண்ட கூடம், தகரக் கூரை, வரிசை வரிசையாக மிஷின்கள். எல்லாம் ஒன்றாக ஓடும்போது உள்ளே போனால், நம் குரல் நம் காதுக்கே கேட்காது. பள்ளி விடுமுறையில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த இரைச்சலுக்குள்ளே அவர்கள் பேசிக்கொள்வார்கள்! கத்தமாட்டார்கள், கையை ஆட்டமாட்டார்கள்; தலையைக்கூடத் தூக்கமாட்டார்கள். அம்மா "ஊ-உ!" என்பார். அது 'நூலு' என்று புரிந்து, மூன்று மிஷின் தள்ளி நூல்கண்டு கிளம்பிக் கைமாறி வரும். யாரோ "ஊ-அ! ஊ-அ!" என்பார்கள். சிரித்துக்கொண்டிருந்த வரிசை முழுவதும் சட்டென்று குனிந்துகொள்ளும். ஏனென்றால் மேற்பார்வையாளருக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஊதல்.' ஊதல் வருகிறார் என்று பொருள். (அவர் இன்று இந்த அவையில் இல்லை. விசாரித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.)

என்ன நடக்கிறது அங்கே? மிஷின் சத்தம் மெய்யெழுத்தை எல்லாம் மென்று தின்றுவிடும். க் போகும், ச் போகும், ட் போகும். திறந்த வாயிலிருந்து வரும் உயிரோசை மட்டும்தான் அந்த இரைச்சலை நீந்திக் கடந்து அக்கரை சேரும். அதனால் அவர்கள் மெய்யை விட்டுவிட்டு உயிரை மட்டும் வைத்துப் பேசப் பழகிவிட்டார்கள்.

அம்மாவுக்கு அடுத்த மிஷினில் பொத்தான் தைப்பவரை எல்லோரும் 'பொத்தான் அக்கா' என்பார்கள். அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: "ஒரு நாள் உங்கம்மா தைக்கிற கோடு கோணலாப் போச்சு பாப்பா. 'கோடு! கோடு!'ன்னு கத்துறேன். இவ திரும்பல. ஆனா மொத்த வரிசையும் 'சோறு'ன்னு நெனச்சு எழுந்து கை கழுவப் போயிடுச்சு!"

ஆம், சிரியுங்கள். கைதட்டலுக்கு வேறோர் இடம் குறித்து வைத்திருந்தேன். ஆனால் இதுவும் நல்ல இடம்தான்.

இனி நான் சொல்லப்போவது சிரிப்பதற்கு இல்லை.

ஒரு காலையில் அம்மா அந்த மிஷின் மேலேயே சாய்ந்தார். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டதாம். உயிர் தப்பியது. வலது கை தப்பவில்லை. பேச்சும் தப்பவில்லை. நாக்கும் உதடும் சொன்னபடி கேட்காமல் போயின. வீட்டுக்கு வந்த அம்மாவிடமிருந்து "ஆ" வந்தது, "ஊ" வந்தது, "ஏ" வந்தது. வேறெதுவும் வரவில்லை. எங்கள் காதுக்கு அது முனகலாகக் கேட்டது. புரிந்துகொள்ளும் சக்தி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார் மருத்துவர். போகப் போகத் தெரியும் என்பதை, எதுவும் தெரியாது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

காது கேளாதவரிடம் பேசுவதுபோல் அம்மாவிடம் எல்லோரும் உரக்கப் பேசினார்கள். அம்மாவின் காதுக்கு என்ன குறை? மிஷின் இரைச்சலில் மூன்று மிஷின் தள்ளிக் கேட்ட காது அது! "தண்ணி வேணுமா? தூக்கம் வருதா?" இவ்வளவுதான் கேள்விகள். அம்மா தலையசைப்பார். யாரோ ஒரு மணியை வாங்கி வந்து, தேவையென்றால் அடிக்கச் சொல்லி இடது கையில் கொடுத்தார்கள். அம்மா அதைச் சுவரைப் பார்த்து எறிந்தார். "பார்த்தியா, புத்தி தடுமாறுது" என்றார்கள். எனக்கென்னவோ, அது புத்தி தெளிவாக இருந்ததால் எறியப்பட்ட மணியாகவே பட்டது. ஆனாலும் பெரியவர்கள் பேசும் இடத்தில் அதைச் சொல்லத் துணிவு வேண்டுமே!

ஒவ்வொரு மாலையும் தலை வாரும்போது அம்மாவுக்கு நான் ஒரு பாட்டுச் சொல்வேன். நானே எழுதியது. எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

'நீ மீண்டு வா!
நீர் மீண்ட மீனாய்
நீ மீண்டு வா!'

அதில் ஈகாரம் இத்தனை முறை வருகிறது என்று எழுதும்போது எனக்கே தெரியாது. கரையில் துடித்த மீன் தண்ணீருக்குத் திரும்புவதுபோல் அம்மா திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரியப்பா வந்திருந்தார். அப்பா சரக்கு வண்டி ஓட்டுபவர். வண்டியோடு போனால் வீடு திரும்ப நாளாகும். அம்மாவின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் அம்மா. அம்மாவைப் பற்றிப் பேச்சு.

"நாம பேசுறது எதுவும் அவளுக்கு ஏறலடா" என்றார் பெரியப்பா. "பராமரிப்பு இல்லத்துல விட்டா நர்ஸ் இருப்பாங்க. வேளைக்கு மருந்து, வேளைக்குச் சாப்பாடு. நீயும் வீட்ல இருக்கிறதில்ல. இவளும் படிக்கணும். நாளைக்கே போய்ப் பேசிடலாம்."

அப்பா தரையைப் பார்த்தார். "அவளுக்கு எது நல்லதோ, அதைப் பண்ணுங்கண்ணே."

தாய்மார்களே, பெரியப்பா கெட்டவர் அல்லர். இங்கே மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார். அக்கறையால்தான் சொன்னார். ஆனால் அக்கறை உள்ளவர்களும் அம்மாவைக் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டோம். தூக்கம் வருகிறதா என்று கேட்டோம். இந்த வீட்டை விட்டுப் போகச் சம்மதமா என்று ஒருவரும் கேட்கவில்லை!

அப்போது கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "ஆ... ஓ-அ... ஆ-ஏ..."

"வலிக்குது போல. மாத்திரையைக் குடு" என்றார் பெரியப்பா.

"எங்க வலிக்குது? கையா? தலையா?" என்று அப்பா உரக்கக் கேட்டார்.

அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "ஆ! ஓ-அ! ஆ-ஏ!"

"ஏன்யா அவகிட்ட இந்தக் கத்துக் கத்துறீங்க?" என்று வாசலிலிருந்து ஒரு குரல். கையில் பழப்பையோடு பொத்தான் அக்கா! அம்மா வீடு திரும்பிய பிறகு அன்றுதான் முதல்முறை பார்க்க வந்திருந்தார்; அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அதான் அவ தெளிவாச் சொல்றாளே!"

"என்ன சொல்றா?"

"'நான் போக மாட்டேன்'ங்கிறா. ஏன், எங்க போகச் சொன்னீங்க அவளை?"

அவர் எங்கள் பேச்சைக் கேட்டிருக்கவில்லை. இல்லம் என்ற சொல் அவர் காதில் விழுந்திருக்கவில்லை. நான்... போக... மாட்டேன். ஆ, ஓ-அ, ஆ-ஏ. என் அம்மா முனகவில்லை. இத்தனை நாளும் முனகவே இல்லை. தையல் கூடத்து மொழியில் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்!

ஆனாலும் பெரியப்பா கணக்குச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவர். எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்காமல் விடமாட்டார். "நீங்க தோழிங்கிற பாசத்துல சொல்றீங்க" என்றார். "முனகலுக்கு யார் எந்த அர்த்தம் வேணும்னாலும் கட்டலாமே. 'நான் கோலம் பார்த்தேன்'னுகூட இருக்கலாம்."

"கோலம் பார்க்கிற நேரமாய்யா இது?" என்றார் பொத்தான் அக்கா.

அம்மா என்னைப் பார்த்தார். நான் கட்டிலருகே போனேன்.

"பெரியப்பா... ஒரு நிமிஷம்."

"என்னம்மா?"

"நான் ஒரு பாட்டுச் சொல்றேன். அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அக்காவுக்குக்கூடத் தெரியாது. நீங்க என்னைப் பார்க்காதீங்க. அம்மா முகத்தைப் பாருங்க."

சொன்னேன். வேண்டுமென்றே ஓரிடத்தில் மாற்றிச் சொன்னேன். 'நீ மீண்டு வா! நீர் மீண்ட மானாய்...'

அம்மாவின் புருவம் சுருங்கியது. இடது கை கட்டில் சட்டத்தில் 'டப்' என்று விழுந்தது. "ஈ-ஆ!"

விடவில்லை நான். மறுபடியும், 'நீர் மீண்ட மானாய்...'

"ஈ-ஆ! ஈ-ஆ!" என்ன கோபம்! தண்ணீருக்குள் மான் எங்கிருந்தடி வந்தது என்று கேட்கும் கோபம்! சட்டையில் காலரைத் திருப்பித் தைத்தால் வருமே, அந்தக் கோபம்!

பிறகு மெல்லச் சொன்னேன். 'நீர் மீண்ட மீனாய்... நீ மீண்டு வா.'

அம்மா சிரித்தார். பாதி வாயால், முழுதாகச் சிரித்தார்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டார். உடல் சரியில்லாமல் போன நாளுக்குப் பிறகு, முதல் முறையாக, அம்மாவிடம் கத்தாமல் கேட்டார். "போக வேணாமாம்மா?"

"ஆ-ஏ" என்றார் அம்மா.

"மாட்டேங்கிறா" என்றார் பெரியப்பா. பொத்தான் அக்கா சொல்லவில்லை, நான் சொல்லவில்லை. அவரே சொன்னார்! அப்பா எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் நின்று அழுதார். திரும்பி வந்து, "உன்னை ஒரு வார்த்தை கேக்கலியே நானு" என்றார்.

அம்மா போகவில்லை. இதோ இருக்கிறார்.

இந்தக் கைதட்டல் அம்மாவுக்கா, அந்த ஈகாரத்துக்கா என்று எனக்குத் தெரியவில்லை. இருவரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

அதன் பிறகு அப்பா தூரத்து ஓட்டத்தை விட்டு உள்ளூர் ஓட்டத்துக்கு மாறினார். தையல் கூடத்து அக்காமார் முறை வைத்து வந்து அம்மாவோடு இருந்தார்கள். பெரியப்பாவோ உயிரோசை மொழியையே படிக்கத் தொடங்கிவிட்டார். முதல் வாரம் அம்மா கேட்டது காபி. அவர் கொண்டுவந்து கொடுத்தது சாவி! "ஆ-இன்னுதானே சொன்னா? சாவியும் அதேதானே?" என்று அவர் வாதாட, "காலைல எழுந்ததும் யாராவது சாவியைக் குடிப்பாங்களா?" என்று பொத்தான் அக்கா கேட்க, எங்கள் வீட்டில் வெகுநாளைக்குப் பின் சிரிப்பு நுழைந்தது. பெரியப்பா, கோபிக்காதீர்கள். மூன்றாம் வரிசையில் உங்கள் சிரிப்புத்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கேட்கிறது.

அவையோரே! இப்போது கவிதைக்குத் திரும்புகிறேன். உண்மையில் நான் அதை விட்டு விலகவே இல்லை.

கவிதை எழுதுபவர் ஏன் ஒரே உயிரை மறுபடியும் மறுபடியும் வைக்கிறார்? அழகுக்கா? அலங்காரத்துக்கா? நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஒருமுறை அழைத்தால் இரைச்சலில் கரைந்துவிடும் என்பதால் மறுபடி அழைக்கிறார்! மெய்யெழுத்துப் பொருளுக்கு வடிவம் தரும். அது இல்லாவிட்டால் காபி சாவியாகும் என்பதைக் கண்டோம். ஆனால் அழைப்பைச் சுமந்து வருவது எது? ஆசையைச் சுமந்து வருவது எது? அழுகையைச் சுமந்து வருவது எது? திறந்த வாயின் ஓசை அல்லவா? பொருள் புரியுமுன்னே பாட்டு நம்மைத் தொட்டுவிடுகிறதே, தொட்டது எது? தாலாட்டில் குழந்தைக்கு எந்தச் சொல் புரிகிறது? ஆவும் ஓவும்தானே அதன் தொட்டிலை ஆட்டுகின்றன?

ஆகவே, கவிதையில் ஓர் 'ஆ' திரும்ப வந்தால், 'அட, அடுக்கியிருக்கிறார்' என்று கடந்து போகாதீர்கள். ஒருவர் உங்களைக் கூப்பிடுகிறார். உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ, மருத்துவமனைக் கட்டிலிலோ யாரேனும் ஓர் ஓசையைத் திரும்பத் திரும்ப எழுப்பினால், 'முனகுகிறார்' என்று கதவைச் சாத்தாதீர்கள். அவர் ஒரு வாக்கியத்தை முடிக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கலாம். உட்கார்ந்து கேளுங்கள்! பேச முடியாதவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேளுங்கள்!

நன்றி சொல்லி முடிக்கிறேன். மெய்யைத் தின்றாலும் உயிரை விட்டுவைத்த அந்தத் தையல் மிஷின்களுக்கு நன்றி. பின்சுவரில் வேலை உடையோடு நிற்கும் தாய்மார்களே, பொத்தான் அக்கா, உங்களுக்கு நன்றி. அப்பாவுக்கு நன்றி. இன்று அம்மாவின் நாற்காலியைத் தம் கையால் தள்ளிவந்து, இந்த மண்டபத்தின் படிகளில் தூக்கி ஏற்றிய பெரியப்பாவுக்கு நன்றி. பெருமூச்சு விட வைத்த தலைப்பைத் தந்த ஆசிரியைக்கு, பெருமூச்சு விட்டதற்கும் சேர்த்து நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். மருத்துவமனையில் அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் அக்கா. அம்மாவின் முன் ஒரு கண்ணாடியை வைத்து, "உதட்டை மூடுங்க... 'ம்'... அவ்வளவுதான்... 'ம்'..." என்று மாதக்கணக்காகச் சொல்லிவருகிறார். வாயை மூடச் சொன்னால் நம் வகுப்பிலேயே யாராலும் முடிவதில்லை. அம்மாவுக்கு அது மலை ஏறுவதுபோல. உதடு பாதி வரை வரும், திறந்துகொள்ளும். பாதி வரும், திறந்துகொள்ளும். போன வாரம், இரண்டு உதடும் ஒன்றையொன்று தொட்டன. அம்மாவை விட்டுப் போன மெய்களில் திரும்பி வந்த முதல் மெய் அது. அந்த அக்காவுக்கு என் நன்றி, என்றைக்கும்.

வழக்கப்படி கடைசி வணக்கத்தைப் பேச்சாளர் சொல்ல வேண்டும். இன்று நான் சொல்லப்போவதில்லை. 'வணக்கம்' என்ற சொல்லைச் சற்றே கேட்டுப் பாருங்கள். அதற்குள் ஒரே உயிர் மூன்று முறை வருகிறது. கடைசியில் உதடு மூடுகிறது. நாம் கூடும்போதும் பிரியும்போதும் சொல்லிக்கொள்ளும் அந்தச் சொல்லே, நான் பேச வந்த தலைப்புக்கு ஒரு கவிதை.

மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கித் தாருங்கள். அதோ, அந்த நாற்காலிக்கு அருகே. மின்விசிறியை நிறுத்துங்கள். யாரும் உதவ வேண்டாம். யாரும் முந்திக்கொண்டு முடித்துவிட வேண்டாம். நேரம் ஆகும். நாம் காத்திருப்போம்.

அம்மா, சொல்லும்மா.

"அ... அ... அம்."